எட்னா புகையும்போது கத்தானியாவுக்குப் போகலாமா?

2025 ஜூன் 2 அன்று சிசிலித் தீவின் எட்னா எரிமலையில், தென்கிழக்கு வாயின் ஒரு பக்கம் சரிந்து விழுந்தது. சாம்பல் தூண் பல கிலோமீட்டர் உயரத்துக்கு எழுந்தது. சரிவில் நடந்துகொண்டிருந்த சுற்றுலாப் பயணிகள் பதறி இறங்கி ஓடும் காணொளி அன்றே உலகம் முழுக்கச் சுற்றியது. "சிவப்பு எச்சரிக்கை" என்று தலைப்புகள் வந்தன. அதே நேரத்தில், மலை உச்சியிலிருந்து கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கத்தானியாவில் விமான நிலையம் வழக்கம்போல் இயங்கிக்கொண்டிருந்தது. மலையில் இருந்தவர்களில் ஒருவருக்கும் காயமில்லை.

இத்தாலிப் பயணத்துக்குத் திட்டம் போட்டு வைத்திருப்பவர்களுக்கு இந்த இரண்டு காட்சிகளும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. எரிமலை வெடித்தால் பக்கத்து ஊர் என்ன ஆகும்? சிவப்பு என்றால் ஊரைக் காலி செய்வதா? இதைப் புரிந்துகொள்ள முதலில் மலையையும், பிறகு அந்த மலையோடு ஊர் வாழ்ந்த கதையையும் பார்க்க வேண்டும்.

எட்னா எப்படிப்பட்ட மலை?

ஆப்பிரிக்கக் கண்டத்தட்டும் யுரேசியத் தட்டும் மோதும் எல்லையில் நிற்கிறது எட்னா. உயரம் சுமார் 3,400 மீட்டர். 'சுமார்' என்று சொல்லக் காரணம் உண்டு: ஒவ்வொரு வெடிப்பும் உச்சியில் கொஞ்சம் சேர்க்கிறது, அல்லது இடித்துத் தள்ளுகிறது. 2021-இல் அளந்தபோது 3,357 மீட்டர். 2024-இல் வேறொரு வாய் வளர்ந்து அதைத் தாண்டிவிட்டது. உச்சியில் நான்கு வாய்கள் இருக்கின்றன. 2013 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது.

சிசிலிக்காரர்கள் இதைப் பெயர் சொல்லி அழைப்பது குறைவு. "ஆ முந்தாஞ்ஞா", அதாவது "மலை", அவ்வளவுதான்; பெண்பாலில். பழைய இன்னொரு பெயர் மோஞ்சிபெல்லோ. லத்தீனில் மலைக்கான சொல்லையும் அரபியில் மலைக்கான 'ஜபல்' என்ற சொல்லையும் ஒட்டவைத்தது அது. 'நடுசென்டர்' என்று நாம் சொல்வதுபோல, மலைமலை.

இத்தாலியின் இன்னொரு புகழ்பெற்ற எரிமலை வெசுவியஸ். கி.பி. 79-இல் பொம்பெயியைப் புதைத்த கதை எல்லோர் மனத்திலும் இருப்பதால், எரிமலை என்றாலே ஓர் ஊர் ஒரே நாளில் அழியும் என்று நினைத்துக்கொள்கிறோம். எட்னாவின் குழம்பு பெரும்பாலும் பசால்ட் வகை. பிசுபிசுப்பு குறைவு, உள்ளிருக்கும் வாயு எளிதில் வெளியேறும். அதனால் அழுத்தம் பல நூற்றாண்டு சேர்ந்து ஒரேயடியாக வெடிப்பதற்குப் பதிலாக, அடிக்கடி சிறு அளவில் வெளியேறிவிடுகிறது. கத்தானியாவின் பார்வையில் எட்னாவின் வெடிப்புகள் மூன்று வகை:

1. உச்சி வெடிப்பு. செய்திகளில் வருவது பெரும்பாலும் இதுதான். உச்சி வாய்களில் ஒன்று சில மணி நேரம் நெருப்பூற்று போலப் பீறிடும். 2021 பிப்ரவரி முதல் அக்டோபர் வரை மட்டும் இப்படி 50-க்கும் மேற்பட்ட முறை நடந்தது. குழம்பு பெரும்பாலும் கிழக்குப் பக்கத்தில் இருக்கும் வாலே தெல் போவே என்ற ஆளில்லாத பெரும்பள்ளத்துக்குள் வழிந்து அங்கேயே உறைந்துவிடும். ஊருக்கு வருவது சாம்பல் மட்டுமே.

2. விலா வெடிப்பு. மலையின் இடுப்பில் பிளவு திறந்து அங்கிருந்து குழம்பு வருவது. அபூர்வம், ஆனால் ஊர்களை எரித்ததெல்லாம் இதுதான். 1928-இல் மஸ்காலி என்ற ஊர் இப்படித்தான் குழம்புக்கு அடியில் போனது. மக்கள் வெளியேற நேரம் கிடைத்தது, வீடுகள்தான் போயின.

3. பெருவெடிப்பு. எட்னாவுக்கு மிக மிக அபூர்வம். கி.மு. 122-இல் நடந்தது, விழுந்த கல்லும் சாம்பலும் கத்தானியாவின் கூரைகளைச் சரித்தன. ரோம் அரசு அந்த ஊருக்குப் பத்து ஆண்டு வரிவிலக்கு கொடுத்தது.

2025 ஜூனில் நடந்தது முதல் வகை. அதில் கூடுதலாக ஒரு பைரோகிளாஸ்டிக் ஓட்டம் சேர்ந்துகொண்டது. சூடான வாயு, சாம்பல், பாறைத்துண்டுகள் கலந்து தரையோடு தரையாகச் சரிவில் பாயும் மேகம் அது. குழம்பைவிட மிக வேகமானது; உள்ளே சிக்கினால் பிழைப்பது கடினம். வாயின் விளிம்பு சரிந்ததால் உண்டாகி, உச்சிப் பகுதிக்குள்ளேயே நின்றுவிட்டது.

சிவப்பு யாருக்கு?

குழப்பத்தின் பாதி இங்கே இருக்கிறது. எட்னாவுக்கு இரண்டு நிற அளவுகோல்கள் உண்டு. இரண்டிலும் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என அதே நான்கு நிறங்கள். இரண்டும் வேறுவேறு வேலைக்கானவை.

முதலாவது விமானப் போக்குவரத்துக்கானது. இத்தாலியின் தேசியப் புவி இயற்பியல், எரிமலையியல் நிறுவனத்தின் எட்னா கண்காணிப்பகம் கத்தானியா நகரத்திலேயே இருக்கிறது. சாம்பல் காற்றில் ஏறும் என்று தெரிந்த உடனே அது விமானிகளுக்கும் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டுக்கும் அறிவிப்பு அனுப்பும். இதில் சிவப்பு என்றால் "கணிசமான சாம்பல் மேலே போகிறது, அல்லது போகப்போகிறது, அந்த வழியில் பறக்காதீர்கள்" என்று பொருள். சில மணி நேரத்தில் ஆரஞ்சுக்கும் மஞ்சளுக்கும் இறங்கிவிடும். 2021-இல் இந்தச் சிவப்பு எத்தனையோ முறை ஏறி இறங்கியது.

இரண்டாவது குடிமைப் பாதுகாப்புத் துறையுடையது. எரிமலையின் ஒட்டுமொத்த நிலை எப்படி, தரையில் இருப்பவர்களுக்கு என்ன தயார்நிலை தேவை என்பதைச் சொல்வது. மெதுவாக மாறும். ஊர்க்காரர்கள் கவலைப்பட வேண்டியது இந்த நிறத்தைப் பற்றி. செய்தித் தலைப்புகளில் வருவதோ பெரும்பாலும் முதலாவது. "எட்னாவுக்குச் சிவப்பு எச்சரிக்கை" என்று படித்தால், எந்தச் சிவப்பு என்பதுதான் முதல் கேள்வி.

ஊருக்கு எது நடந்தது?

கத்தானியாவைக் கி.மு. எட்டாம் நூற்றாண்டில் கிரேக்கக் குடியேறிகள் நிறுவினார்கள். சிசிலியில் பலெர்மோவுக்கு அடுத்த பெரிய நகரம். இன்று சுமார் மூன்று லட்சம் பேர் வாழ்கிறார்கள். எரிமலை ஏழு முறை அழித்தது என்று ஒரு பழங்கதை உண்டு. கதையை விட்டுவிட்டு இரண்டு தேதிகளை எடுத்துக்கொள்வோம். இடையே 24 ஆண்டுகள்தான்.

1669 மார்ச் 11. நிக்கோலோசி என்ற மலையூருக்கு அருகே விலா பிளந்தது. குழம்பு வழியிலிருந்த கிராமங்களை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டு தெற்கே வந்தது. கத்தானியாவின் மதிலை வந்தடைய அதற்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. கிட்டத்தட்ட 15 கிலோமீட்டர் தூரம். நாளுக்கு அரைக் கிலோமீட்டர் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். அந்த இடைவெளியில்தான் தியேகோ பப்பலார்தோ என்பவர் ஐம்பது பேரைத் திரட்டிக்கொண்டு மலைக்குப் போனார். நனைத்த விலங்குத்தோலைப் போர்த்திக்கொண்டு, கம்பியும் கடப்பாரையுமாகக் குழம்பின் உறைந்த பக்கச்சுவரை உடைத்தார்கள். குழம்பு உண்மையிலேயே திசை திரும்பியது. திரும்பிய பக்கம் பத்தெர்னோ ஊர் இருந்தது! அந்த ஊர்க்காரர்கள் ஆயுதங்களோடு வந்து இவர்களை விரட்டினார்கள். உடைப்பு மறுபடி அடைபட்டது. குழம்பு கத்தானியாவுக்கே வந்தது. எரிமலைக் குழம்பைத் திருப்ப மனிதர்கள் செய்த முயற்சிகளில் பதிவான முதலாவது இது. பொறியியல் சிக்கலைவிட அக்கம்பக்கத்துச் சிக்கல் பெரிது என்பதும் அன்றே பதிவாகிவிட்டது. (1992-இல் இதே உத்தி, சுமார் ஏழு டன் வெடிமருந்தோடு, ஸஃபெரானா எத்னேயா என்ற ஊரைக் காப்பாற்றியது. அப்போது திருப்பிவிட ஆளில்லாத பள்ளம் ஒன்று இருந்தது.)

ஏப்ரல் கடைசியில் குழம்பு மதிலைத் தாண்டி நகரின் மேற்குப் பகுதிக்குள் நுழைந்தது, கடலில் இறங்கியது. சிசிலி மன்னர் இரண்டாம் ஃபிரெடெரிக் பதின்மூன்றாம் நூற்றாண்டில் கடலோரப் பாறையில் கட்டிய காஸ்தெல்லோ உர்சினோ கோட்டையை அது சுற்றி வளைத்தது. கோட்டை நின்றது, கடல்தான் விலகிப்போனது. இன்று அந்தக் கோட்டையிலிருந்து கரைக்கு நடந்துதான் போக வேண்டும். இந்த வெடிப்பில் 20,000 பேர் இறந்ததாக இணையத்தில் ஓர் எண் சுற்றுகிறது. அந்தக் காலத்துப் பதிவுகளில் அதற்கு ஆதாரமில்லை. ஒரு மாதம் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு வரும் குழம்பு அத்தனை பேரைக் கொல்லவும் முடியாது.

1693 ஜனவரி 11. இந்த முறை எரிமலைக்குச் சம்பந்தமில்லை. தென்கிழக்குச் சிசிலி முழுவதையும் நிலநடுக்கம் உலுக்கியது. மொத்தம் சுமார் 60,000 பேர் இறந்தார்கள். கத்தானியாவில் மட்டும் மக்கள்தொகையில் பாதிக்கு மேல். மேலே சொன்ன 20,000 என்ற எண்ணில் இந்தப் பேரழிவின் நினைவு கலந்திருக்க வாய்ப்புண்டு.

இதுதான் முக்கியம்: கத்தானியாவை உண்மையில் தரைமட்டமாக்கியது, எல்லோரும் பயந்து அண்ணாந்து பார்க்கும் மலை இல்லை, காலுக்குக் கீழே இருக்கும் பிளவுகள்தான். கண்ணுக்குத் தெரியும் ஆபத்து ஒரு மாதம் எடுத்து வந்தது. தெரியாதது ஒரு நிமிடம்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

மலையால் கட்டிய ஊர்

நிலநடுக்கத்துக்குப் பின் ஊரை மறுபடி கட்டும் பொறுப்பு கமாஸ்த்ரா கோமகனிடம் வந்தது. பழைய சந்துகளை விட்டுவிட்டு அகலமான நேர்த்தெருக்களைப் போடச் சொன்னார். கட்டடம் இடிந்தால் தெருவின் நடுவிலாவது ஆள் தப்பட்டும் என்பது கணக்கு. கதீட்ரல் சதுக்கத்திலிருந்து கிளம்பும் வியா எத்னேயா அப்படி ஒரு தெரு. ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர், நேராக எட்னாவைப் பார்த்துப் போகும்.

கட்டக் கல்? அதுதான் 1669-லேயே வீடு தேடி வந்திருந்ததே. தெருவில் பாவியிருக்கும் கருங்கல், மாளிகைகளின் அடித்தளம், ஜன்னல் விளிம்பு எல்லாம் உறைந்த குழம்புதான். காரைக்கு மணலுக்குப் பதிலாக இரண்டு பொருள்கள்: குழம்பின் சூட்டில் அடியிலிருந்த மண் வெந்து செங்கல்லாகச் சிவந்ததை 'கியாரா' என்பார்கள், பொடித்த கருங்கல்லை 'அத்ஸோலோ' என்பார்கள். கியாராவை எடுக்கக் குழம்புப் பாறைக்கு அடியில் சுரங்கம் தோண்டினார்கள். நகரத்தின் பழைய சுவர்கள் செந்நிறமாகவோ சாம்பல் கறுப்பாகவோ இருப்பது இதனால்தான். அதன்மேல் வெள்ளைச் சுண்ணாம்புக்கல் அலங்காரம். கறுப்பு-வெள்ளைப் பரோக் (அந்தக் கால ஐரோப்பாவின் அலங்காரம் மிகுந்த கட்டடக்கலை) என்று சொல்லும் பாணி, கையில் இருந்ததை வைத்துப் பிழைத்த கதை. தென்கிழக்குச் சிசிலியின் வால் தி நோத்தோ பகுதியிலிருந்து 2002-இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த எட்டு ஊர்களில் கத்தானியாவும் ஒன்று.

இப்படிப் படித்துக்கொண்டே நடந்தால் ஊரில் பார்க்க வேண்டிய இடங்கள் தாமாக வரிசைப்படும். கதீட்ரல் சதுக்கத்தில் கருங்கல் யானை, முதுகில் எகிப்தியப் பாணித் தூண். 1730-களில் வக்காரினி என்ற கட்டடக் கலைஞர் அமைத்த நீரூற்று, ஊரின் சின்னமும் அதுவே. அதன் எதிர்மூலையில் அமெனானோ நீரூற்று. அமெனானோ ஓர் ஆறு. இப்போது ஊருக்கு அடியில் ஓடுகிறது, அந்த மூலையில் மட்டும் கண்ணில் படும். நீரூற்றுக்குப் பின்னால் படியிறங்கினால் மீன் சந்தை. காலையில் போக வேண்டும், தரை ஈரமாக இருக்கும், கூச்சல் காதைப் பிளக்கும். பியாத்ஸா ஸ்தேசிகோரோவில் ரோமானிய வட்டரங்கின் ஒரு துண்டு பள்ளத்தில் தெரிகிறது. மீதி இன்றைய கட்டடங்களுக்கு அடியில். கோட்டைக்குப் பக்கத்தில் கம்மாஸிதா என்ற கிணறு இருக்கிறது. 1669 குழம்பு சுற்றி மூடியபின், தண்ணீருக்காக அதைத் தோண்டி மீட்டார்கள். இன்று படிகளில் ஆழமாக இறங்கித்தான் பழைய தரைமட்டத்தைத் தொட முடியும்.

ஒரே ஓர் இடத்துக்குத்தான் நேரம் என்றால் பெனடிக்டைன் மடத்துக்குப் போகலாம் என்பது என் கருத்து. குழம்பு மடத்தைச் சுற்றி வந்து நின்றது. துறவிகள் பின்னர் அந்தக் குழம்புச் சுவர் மேலேயே கட்டடத்தையும் தோட்டத்தையும் நீட்டினார்கள். இப்போது கத்தானியா பல்கலைக்கழகத்தின் கலைத்துறை அங்கே இருக்கிறது. பல்கலைக்கழகம் 1434-இல் தொடங்கியது, சிசிலியில் மிகப் பழையது. மாணவர்கள் சிகரெட் பிடிக்கும் மூலையில் பின்னணியாக நிற்கிறது 1669.

இவ்வளவு இருந்தும் இங்கே தங்குபவர்கள் குறைவு. ஆண்டுக்கு ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் கடந்துபோகும் விமான நிலையம் இந்த ஊரில்தான் இருக்கிறது. வந்து இறங்குபவர்களில் பலர் அப்படியே வடக்கே தாவோர்மினாவுக்கோ தெற்கே சிராகுசாவுக்கோ வண்டி ஏறிவிடுகிறார்கள். கத்தானியா தன்னை அழகாகக் காட்டிக்கொள்ளத் தெரியாத ஊர். அழுக்கு உண்டு, போக்குவரத்து நம் ஊரை நினைவூட்டும். அதை மன்னிக்க முடிந்தவர்களுக்கு இரண்டு நாள் போதாது.

பயணிக்கு உண்மையில் என்ன ஆபத்து?

நகரத்துக்குள் எரிமலையால் வரும் ஆபத்து மிகக் குறைவு. ஆனால் தூரம் குறையக் குறைய நிலைமை வேறு.

1. விமானம். எட்னா பயணிகளை அதிகம் தொல்லை செய்வது இந்த வழியில்தான். சாம்பல் என்பது நெருப்புக் கரி அல்ல. பொடித்த கண்ணாடியும் பாறையும். ஜெட் எஞ்சின் சூட்டில் உருகி உள்ளே ஒட்டிக்கொள்ளும். ஓடுபாதையில் மெல்லிய படலம் விழுந்தாலும் மூட வேண்டும். 2023 ஆகஸ்டிலும் 2024 ஜூலையிலும் இப்படி மூடினார்கள். அப்போது பலெர்மோ, கோமிசோ விமான நிலையங்களுக்குத் திருப்பிவிடுவார்கள். பலெர்மோவிலிருந்து கத்தானியாவுக்குப் பேருந்தில் மூன்று மணி நேரத்துக்குள் வந்துவிடலாம்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதிப்படி, சாம்பலால் ரத்தான விமானத்துக்கு நஷ்டஈடு கிடையாது. அது விமான நிறுவனத்தின் கையை மீறிய சூழல். ஆனால் காத்திருக்கும் வரை சாப்பாடும் தங்குமிடமும் கொடுக்க வேண்டும். பணத்தைத் திருப்பித் தரவோ, மாற்று விமானம் தரவோ வேண்டும். 2010 ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பல் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் 2013-இல் இதை உறுதிப்படுத்தியது. ஒன்றியத்துக்குள்ளிருந்து கிளம்பும் எல்லா விமானங்களுக்கும் இது பொருந்தும். இந்தியாவிலிருந்து போகும் விமானம் என்றால், அது ஐரோப்பிய நிறுவனத்துடையதாக இருந்தால் மட்டுமே. ஊர் திரும்பும் நீண்ட தூர விமானத்தை, கத்தானியாவை விட்டுக் கிளம்பும் அதே நாளில் வைக்காமல் இருப்பது நல்லது.

2. தெருவில் சாம்பல். மூச்சுத் தொல்லை உள்ளவர்களுக்கு முகக்கவசம் அவசியம். காண்டாக்ட் லென்ஸ் வேண்டாம், கண்ணாடி போதும். சாம்பல் படிந்த சாலை வழுக்கும். இருசக்கர வண்டிகளுக்குத் தடையும் மற்ற வண்டிகளுக்கு மணிக்கு 30 கிலோமீட்டர் வரம்பும் விதிப்பது வழக்கம்.

3. மலை உச்சி. உயிரிழப்பு நடந்திருப்பது இங்கேதான். 1979 செப்டம்பரில் உச்சி வாய் ஒன்றின் விளிம்பில் நின்றிருந்த ஒன்பது சுற்றுலாப் பயணிகள் திடீர் வெடிப்பில் இறந்தார்கள். 2017 மார்ச்சில் குழம்பு பனியைத் தொட்டு, நீராவி வெடித்துச் சுமார் பத்துப் பேர் காயமடைந்தார்கள். எரிமலை பெரிதாக எதுவும் செய்யாத நாள் அது. மெதுவாக ஊரும் குழம்பு பக்கத்தில் போய்ப் படம் எடுக்கலாம் போலத் தோன்றும். அடியில் பனி இருந்தால் அது வெடிகுண்டு.

கத்தானியா ரயில் நிலையத்துக்கு எதிரிலிருந்து காலையில் ஒரு பேருந்து 1,900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ரிஃபூஜியோ சபியென்ஸாவுக்குப் போய் மாலையில் திரும்பும். அங்கிருந்து கேபிள் கார் 2,500 மீட்டர் வரை. அதற்கு மேல் உச்சிப் பகுதிக்கு உரிமம் பெற்ற வழிகாட்டியோடுதான் போக வேண்டும். எந்த உயரம் வரை அனுமதி என்பது நாளுக்கு நாள் மாறும். மூடியிருக்கிறது என்று சொன்னால் வாதாட வேண்டாம். ஆகஸ்டிலும் மேலே குளிரும் என்பதால் ஜாக்கெட் வேண்டும்.

மேலே போக முடியாத நாளில், மலையைச் சுற்றி ஓடும் சிர்கும்எத்னேயா என்ற குறுகிய ரயில்பாதை இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் போட்டது. குழம்புப் படுகைகளையும் ப்ரோந்தேயின் பிஸ்தா தோட்டங்களையும் கடந்து போகும். நகரத்துக்குள் மெட்ரோ விரிவாக்கம் நடப்பதால் எங்கிருந்து ஏறுவது என்பதை முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

4. கூட்டம். பிப்ரவரி 3 முதல் 5 வரை ஊரின் காவல் புனிதர் அகதாவின் திருவிழா. 1886-இல் நிக்கோலோசியை நோக்கி வந்த குழம்பின் முன் இவருடைய முக்காட்டை ஏந்திப் போனார்கள். குழம்பு ஊருக்கு முன்னால் நின்றது. திருவிழாவில் பக்தர்கள் வெள்ளை அங்கி அணிந்து பெரிய மெழுகுவர்த்திகளைச் சுமந்து போகிறார்கள். உருகிய மெழுகால் தெரு வழுக்கும், மரத்தூள் போட்டிருப்பார்கள். அந்த மூன்று நாள் அறை கிடைப்பது கடினம்.

எட்னா இரவில் வெடித்தால் அதைப் பார்க்க மலைக்குப் போக வேண்டியதில்லை. வியா எத்னேயாவில் வடக்கு நோக்கி நின்றால் போதும். அருகில் உள்ள பெட்டிக்கடையில் எலுமிச்சைச் சாறும் உப்பும் சோடாவும் கலந்து "செல்ட்ஸ் லிமோனே எ சாலே" என்று விற்பார்கள். நம் உப்பு லெமன் சோடாவேதான். காற்று தெற்கே திரும்பி, தலையில் கரகரவென்று ஏதோ விழத் தொடங்கினால் ஊர்க்காரர்கள் குடையை விரிப்பார்கள். பையில் ஒன்று இருக்கட்டும்.